பழைய சட்டசபையில் வாய் திறக்க என்ன விதி?

வாசகர் கேள்வி – பதில்

சென்னை மாகாணச் சட்டசபையின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். 1861 முதல் 1935 வரை வந்த சட்டங்கள் ஒவ்வொன்றும் உறுப்பினர் எப்போது எழுந்திருக்கலாம், எதைப் பற்றிப் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம் என்பதை வேறுவேறாக அளந்து கொடுத்தன. அந்த அளவு தெரியாமல் குறிப்புகளைப் படித்தால், பேசாதவர் கோழை என்றும் பேசியவர் வீரர் என்றும் தப்பாக எடைபோட்டுவிடுவோம்.

1870-களின் சட்டசபைக் குறிப்புகளைப் புரட்டினேன். 1876–78 பெரும் பஞ்சத்தில் மாகாணமே வாடியபோது, அரசை ஓர் உறுப்பினராவது கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. ஏன்? – வாசகர், திருநெல்வேலி

கேள்வி கேட்கிற உரிமையே அப்போது கிடையாது. 1861-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டப்படி அவையில் இரண்டே வகைப் பிரேரணைக்குத்தான் (உறுப்பினர் அவை முன் வைக்கும் கோரிக்கைக்குத்தான்) இடம். ஒன்று, ஒரு மசோதாவைக் கொண்டுவர அனுமதி கேட்பது. மற்றது, ஏற்கெனவே கொண்டுவரப்பட்ட மசோதா தொடர்பானது. இதற்கு வெளியே நிர்வாகத்தைப் பற்றி விசாரிக்கவோ, குறைகளைச் சொல்லவோ, தீர்மானம் கொண்டுவரவோ வழியில்லை.

அந்தத் தடையை வேண்டுமென்றே வைத்தார்கள். 1853-ஆம் ஆண்டு சாசனச் சட்டத்தின்கீழ் கல்கத்தாவில் அமைந்த சட்ட கவுன்சில், சின்னப் பார்லிமென்ட் போல அரசின் செயல்களை விசாரிக்கத் தொடங்கியிருந்தது. லண்டனுக்கு அது பிடிக்கவில்லை. ஆகவே 1861-இல் கவுன்சிலைச் சட்டம் செய்யும் கமிட்டியாக மட்டும் சுருக்கினார்கள். சென்னையில் கவர்னரின் நிர்வாகக் குழுவோடு அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரலும், மேலும் 4 முதல் 8 கூடுதல் உறுப்பினர்களும் உட்கார்ந்தார்கள். கூடுதல் உறுப்பினர்களில் பாதிப்பேராவது அரசு ஊழியர் அல்லாதவராக இருக்க வேண்டும். எல்லோருமே நியமனம், பதவிக்காலம் 2 ஆண்டு. தலைமை நாற்காலியில் கவர்னரே இருப்பார்.

ஒரு யோசனை சொல்கிறோம். அந்தக் காலத்து மனக்குறைகளைத் தேடுகிறவர்கள் மசோதா விவாதங்களுக்குள் தேடுங்கள். ஒரு வரி மசோதாவோ நகராட்சி மசோதாவோ வந்தால்தான் உறுப்பினருக்கு வாய் திறக்கச் சாக்குக் கிடைக்கும். அப்போதும் மசோதாவை விட்டு விலகினால் தலைவர் நிறுத்திவிடலாம்.

கேள்வி நேரம் எப்போது வந்தது? ஆரம்பகாலக் கேள்விகள் ஏன் பதிலோடு சட்டென்று முடிந்துவிடுகின்றன? – வாசகி, மதுரை

1892-ஆம் ஆண்டுச் சட்டம்தான் கேள்வி கேட்க வழிசெய்தது. ஆறு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, கேள்வியை எழுத்தில் தர வேண்டும். பதில் வந்ததும் விஷயம் முடிந்தது. பதில் மழுப்பலாக இருந்தாலும் துணைக் கேள்வி கிடையாது, பதிலின் மேல் விவாதம் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. நீங்கள் பார்த்த சட்டென்ற முடிவுக்கு இதுவே காரணம்.

1909-இல் துணைக் கேள்வி வந்தது, ஆனால் மூலக் கேள்வியைக் கேட்டவர் மட்டுமே அதைக் கேட்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கு விவரம் நன்றாகத் தெரிந்திருந்தாலும் அவர் எழுந்திருக்க முடியாது. 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்று ஆயிற்று. அமைச்சரை நாலு பக்கமும் சூழ்ந்து கேட்கிற வழக்கம் அதிலிருந்து பிறந்ததுதான்.

1919-க்குப் பிந்தைய விதிகளில் கேள்விக்குப் பத்து முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். முழு நாள் என்றால் அறிவிப்புக் கொடுத்த நாளையும் கூட்ட நாளையும் கழித்துவிட்டு எண்ண வேண்டும். 15-ஆம் தேதிக் கூட்டத்துக்கு 4-ஆம் தேதிக்குள் கேள்வி செயலாளர் கையில் சேர வேண்டும். 5-ஆம் தேதி சேர்ந்தால் ஒன்பது நாள்தான் மிஞ்சும்.

கேள்வியின் வாசகமும் சோதிக்கப்படும். அதில் வாதம், அனுமானம், குத்தல், அவதூறு எதுவும் கலக்கக் கூடாது. 'இப்படி நேர்ந்தால் அரசு என்ன செய்யும்' என்று கற்பனையாகக் கேட்கக் கூடாது. சட்டக் கருத்துக் கேட்கக் கூடாது. கேள்வியில் ஒரு செய்தியைச் சொன்னால் அது உண்மை என்பதற்குக் கேட்கிறவரே பொறுப்பு. "அதிகாரிகள் அலட்சியமாக இருந்ததால் ஏரி உடைந்தது உண்மையா?" என்று எழுதினால் அனுமானம் என்று தள்ளிவிடலாம். "ஏரிக்கரையைக் கடைசியாகப் பழுதுபார்த்தது எப்போது? அதற்கு எவ்வளவு செலவாயிற்று?" என்று எழுதினால் தள்ள முடியாது. பழைய கேள்விகள் வறட்சியாக இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். அந்த வறட்சிதான் கேள்வியைத் தலைவரின் கத்தரிக்கோலிலிருந்து காப்பாற்றியது.

தீர்மானம் நிறைவேறிவிட்டால் அரசு அதன்படி நடக்க வேண்டியதில்லையா? – வாசகர், தஞ்சாவூர்

வேண்டியதில்லை. பொதுநலன் பற்றிய தீர்மானம் கொண்டுவரும் உரிமை 1909 சட்டத்தால் வந்தது. பதினைந்து நாள் முன்னறிவிப்பு. வாசகம் அரசுக்கு ஒரு திட்டவட்டமான பரிந்துரையாக இருக்க வேண்டும், ஒரே விஷயத்தைத் தொட வேண்டும். கொண்டுவருபவருக்கு 30 நிமிடம், மற்றவர்களுக்கு 15 நிமிடம். கோர்ட்டு விசாரணையில் இருக்கும் விஷயம், சுதேச சமஸ்தானங்களோடும் அந்நிய நாடுகளோடும் அரசுக்குள்ள உறவு ஆகியவற்றைத் தொடக் கூடாது. இவ்வளவும் கடந்து நிறைவேறினாலும் அது பரிந்துரைதான்.

அதற்காக அதை வெற்றுத்தாள் என்று தள்ளிவிடாதீர்கள். 1910 பிப்ரவரி 25 அன்று கோபால கிருஷ்ண கோகலே, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் எடுப்பதைத் தடுக்க வேண்டும் என்று வைஸ்ராயின் கவுன்சிலில் கொண்டுவந்த தீர்மானத்தை அரசு ஏற்றது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன கூலிகளில் பெரும்பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

சென்னையில் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் இன்னொரு நல்ல பாடம். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்களும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். தீர்மானத்தோடு நிற்காமல் அதை அரசாணையாகவும் வெளியிடச் செய்தார்கள். வாசகத்தில் எந்த வகை இடம், யாருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் தெளிவாக இருந்ததால் அரசாணையாக மாற்றுவது எளிதாயிற்று. 'அரசு ஆவன செய்ய வேண்டும்' என்று முடியும் தீர்மானத்தை எந்த அதிகாரியும் ஆணையாக மாற்ற முடியாது.

அரசாங்கத்தைச் சேராத ஓர் உறுப்பினர் மசோதா கொண்டுவர வேண்டுமானால் எந்தெந்தப் படிகளைத் தாண்ட வேண்டும்? – சட்ட மாணவி, கோயம்புத்தூர்

1921-க்குப் பிந்தைய முறையைச் சொல்கிறோம். முதலில் மசோதாவின் நகல், அதோடு நோக்க காரண விளக்கம். சில வகை மசோதாக்களுக்கு கவர்னர் ஜெனரலின் முன்அனுமதி வேண்டும். அந்த அனுமதியின் நகலையும் இணைக்க வேண்டும். பல மசோதாக்கள் இங்கேயே படுத்துவிட்டன. அனுமதி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கே மாதக்கணக்காகும்.

பிறகு உத்தியோகப்பற்றற்றோர் (அரசு ஊழியர் அல்லாத உறுப்பினர்கள்) அலுவலுக்கென ஒதுக்கிய நாளில் சீட்டுக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். வந்தால் அறிமுகம் செய்ய அனுமதி கேட்கும் பிரேரணை. அனுமதி கிடைத்தால் அறிமுகம், கெஜட்டில் வெளியீடு. அடுத்த கூட்டத்தில் மூன்று வழிகள் உண்டு: உடனே பரிசீலிப்பது, உறுப்பினர் சிலரைப் பொறுக்கி அமைக்கும் பொறுக்குக் குழுவுக்கு (செலக்ட் கமிட்டிக்கு) அனுப்புவது, பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடுவது. மூன்றாவது வழி பார்க்க ஜனநாயகமாக இருக்கும். மசோதாவை நேராக எதிர்க்க மனமில்லாதவர்கள் அதை ஒத்திப்போடப் பயன்படுத்திய வழியும் அதுதான். பொறுக்குக் குழு அறிக்கை வந்ததும் பிரிவு பிரிவாக விவாதம், திருத்தங்கள், கடைசியில் முகப்புரையும் தலைப்பும், பிறகு 'நிறைவேற்றலாம்' என்ற பிரேரணை. அதற்கப்பால் கவர்னரின் ஒப்புதல், கவர்னர் ஜெனரலின் ஒப்புதல். இவ்வளவுக்குப் பின்னும் லண்டனில் மன்னரின் பெயரால் ரத்து செய்யலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வழியைப் பாருங்கள். தேவதாசி முறையை ஒழிக்க 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார், நிறைவேறியது, ஆனால் பரிந்துரை மட்டுமே. ஆகவே மாகாணத்தின் அதிகாரத்துக்குள் அடங்கும் ஒரு கதவைத் தேடினார். அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, கோயில் பணியோடு கட்டுப்பட்டிருந்த மானிய நிலங்களை அந்தக் கட்டிலிருந்து விடுவிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது 1929-இல் சட்டமாயிற்று. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930-இல் கொண்டுவந்தார். காந்தி கைதானதைக் கண்டித்து அதே ஆண்டில் பதவி விலகினார். மசோதாவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற உள்ளே ஆள் வேண்டும். அந்தத் தடை 1947-இல்தான் சட்டமாயிற்று.

வழிமுறைப் பிழை ஒரு முழுச் சட்டத்தையே ஆட்டிவைக்கும். சென்னை இந்து அறநிலையச் சட்டம் முதலில் 1925-ஆம் ஆண்டின் முதல் சட்டமாக வந்தது. அது முறைப்படி நிறைவேறவில்லை என்ற ஆட்சேபம் எழவே, அதை நீக்கிவிட்டு 1927-இல் இரண்டாம் சட்டமாக மறுபடியும் நிறைவேற்ற வேண்டியதாயிற்று. குறிப்புகளில் ஒரே சட்டம் இரண்டு முறை வருவதைக் கண்டு குழம்பியவர்களுக்கு இதுவே விளக்கம்.

ஓர் உறுப்பினர் போலீஸ் செலவில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று அரைமணி நேரம் வாதாடுகிறார். லட்சக்கணக்கான ரூபாய்ச் செலவில் நூறு ரூபாய் என்ன பெரிய காசு? – வாசகர், சேலம்

பேச்சு காசைப் பற்றியது அல்ல. அந்த நூறு ரூபாய்தான் பேசுவதற்கான அனுமதிச்சீட்டு.

1892 வரை பட்ஜெட் மீது பேசும் உரிமையே இல்லை. வரி மசோதா வந்தால்தான் உண்டு. 1892-க்குப் பிறகு பேசலாம், வாக்களிக்க முடியாது. 1909-இல் தீர்மானம் கொண்டுவரலாம் என்று ஆயிற்று. 1919 சட்டம்தான் செலவை மானியக் கோரிக்கைகளாகப் பிரித்து அவையின் வாக்குக்கு வைத்தது. ஒரு கோரிக்கையை அவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டவோ, ஒரு செலவுக்குக் கேட்ட பணத்தை வேறொன்றுக்குத் திருப்பவோ முடியாது. கவர்னரின் பரிந்துரை இல்லாமல் எந்தச் செலவையும் முன்மொழியவும் முடியாது.

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் பணம் வேண்டும் என்று நினைக்கிற உறுப்பினர் என்ன செய்வார்? 'கல்வி மானியத்தில் நூறு ரூபாய் குறைக்க' என்று வெட்டுத் தீர்மானம் கொடுப்பார். தொகையைச் சின்னதாக வைப்பதால் பள்ளிக்கூடத்துக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பிரச்சினையை முன்வைத்து விவாதம் நடக்கும், வெட்டு வென்றால் அது அரசின் மேல் கண்டனம். ஆகையால் வெட்டுத் தீர்மானங்களைப் படிக்கும்போது தொகையை விட்டுவிட்டு அதற்குச் சொன்ன காரணத்தைப் பாருங்கள். வெட்டு கேட்கிறவர் அந்தத் துறையின் எதிரி என்று எடுத்துக்கொண்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

நேரக் கட்டுப்பாடு கடுமையானது. மாகாண விதிகளில் மானியங்களுக்கு அதிகபட்சம் 12 நாள், ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 2 நாள். கடைசி நாள் குறித்த மணி அடித்ததும் மிச்சமிருக்கும் எல்லாக் கோரிக்கையையும் விவாதமின்றித் தலைவர் வாக்குக்கு விடுவார். ஆகவே முதலில் வரும் துறைகளுக்கு நூறு பக்கம் விவாதம், கடைசித் துறைகளுக்கு நாலு வரி. அந்தத் துறைகளில் யாருக்கும் அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள், வரிசையில் பின்னால் நின்றவை அவை.

வாக்குக்கு வராத செலவும் உண்டு. கடன் வட்டி, இந்திய அரசுக்கு மாகாணம் செலுத்தும் பங்கு, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், லண்டனில் இருந்த இந்திய மந்திரி நியமித்தவர்களின் சம்பளம் எல்லாம் அவையின் கைக்கு எட்டாதவை. கவர்னரின் நிர்வாகக் குழு வசம் இருந்த போலீஸ், நிலவரி போன்ற ஒதுக்கப்பட்ட துறைகளில் அவை வெட்டிய தொகையையும், 'என் பொறுப்பை நிறைவேற்ற இது அவசியம்' என்று கவர்னர் சான்றளித்தால் செலவழித்துவிடலாம். மத்தியிலும் இதே கதைதான். 1923-இல் உப்பு வரியை மணங்குக்கு (பழைய எடை அளவு) ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக்க மத்தியச் சட்டசபை மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் பிரபு சான்றளித்து வசூலித்தார்.

அமைச்சர்கள் வசம் இருந்த மாற்றப்பட்ட துறைகளில் இந்த சான்றுக்கு இடமில்லை. அங்கே அவையின் வெட்டு உண்மையான வெட்டு. 1924-இல் மத்திய மாகாணத்தில் சுயராஜ்யக் கட்சியார் அமைச்சர்களின் சம்பளத்தை ஆண்டுக்கு 2 ரூபாயாகக் குறைத்தார்கள். துறைகளை இப்படிக் கவர்னர் தரப்புக்கும் அமைச்சர்களுக்கும் பிரித்துவைத்த இரட்டையாட்சி அங்கே நின்றுபோய், துறைகள் கவர்னர் கைக்குத் திரும்பின. இந்த முறையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு சம்பவத்தில் தெரிகின்றன.

அன்றைய அவைத்தலைவருக்கு ஆங்கில அரசை மீறி நிற்க முடிந்ததா? – வாசகர், சென்னை

1920 வரை தலைவர் கவர்னரே, அல்லது மத்தியில் வைஸ்ராயே. 1919 சட்டம் அவரை நாற்காலியிலிருந்து இறக்கி, முதல் நான்கு ஆண்டுக்குத் தலைவரை நியமிக்கவும் அதன்பின் அவையே தேர்ந்தெடுக்கவும் வழிசெய்தது. சென்னையின் முதல் தலைவர் பி. ராஜகோபாலாச்சாரி நியமனம் பெற்றவர். அவருக்குப் பின் வந்த எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, நம்மில் பலர் பஞ்சாங்கக் கணித நூலுக்காக அறிந்தவர்.

மீறி நின்றதற்கு மத்தியச் சட்டசபையின் வித்தல்பாய் படேலே சான்று. 1928 செப்டம்பரில், வெளிநாட்டுக் கம்யூனிஸ்டுகளை நாடுகடத்த வழிசெய்யும் பொதுப் பாதுகாப்பு மசோதாவுக்கு 61-க்கு 61 என்று வாக்குச் சமமாயிற்று. தலைவருக்குச் சமநிலையில் மட்டுமே வாக்கு. படேல் அதை மசோதாவுக்கு எதிராக அளித்தார். 1929-இல் மசோதா மறுபடி வந்தது. கம்யூனிஸ்டுகள், தொழிற்சங்கத் தலைவர்கள் மேல் போட்ட மீரட் சதி வழக்கு கோர்ட்டில் இருக்கிறது, அதைத் தொடாமல் இந்த மசோதாவை விவாதிக்க முடியாது என்று தீர்ப்பளித்து மறித்தார். அந்தத் தீர்ப்புக்காக அவை காத்திருந்த ஏப்ரல் 8 அன்றுதான் பகத்சிங்கும் பி.கே. தத்தும் குண்டு வீசினார்கள். தீர்ப்பு வந்ததும் வைஸ்ராய் இர்வின் பிரபு அவசரச் சட்டத்தால் அதே வேலையை முடித்துக்கொண்டு, தலைவர் இப்படி மறிக்க முடியாதபடி விதியையும் திருத்தச் செய்தார்.

அப்படித் திருத்த முடிந்ததற்குக் காரணம் உண்டு. விதிகள் வேறு, நிலையாணைகள் வேறு. நிலையாணைகளை அவை தானே திருத்தலாம், அதற்கும் மேலிடத்து ஒப்புதல் வேண்டும். விதிகளை இந்திய அரசும் லண்டனும் வகுத்தன. அவை அதில் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. ஒரு கட்டுப்பாட்டைப் படித்தால் அது எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சென்னை அவையில் தமிழில் பேசலாமா? – வாசகி, விருதுநகர்

அலுவல் மொழி ஆங்கிலம். 1919-க்குப் பிந்தைய விதிப்படி ஆங்கிலத்தில் சரளமில்லாத உறுப்பினர் மாகாணத்தின் அங்கீகரிக்கப்பட்ட மொழிகளில் பேசலாம். ஆங்கிலம் தெரிந்தவர் விருப்பத்துக்காகத் தமிழில் பேச இதில் உரிமை இல்லை. அந்த நிபந்தனை வருத்தத்துக்குரியது. தாய்மொழி இயலாமைக்குத் தரும் சலுகையாகவே நுழைந்தது.

இலங்கைச் சட்டசபையும் இதே விதிகளில் நடந்ததா? – வாசகர், யாழ்ப்பாணம்

இல்லை, அது தனி மரபு. 1833-இல் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகத்தர் 9 பேர், உத்தியோகப்பற்றற்றவர் 6 பேர், தலைமையில் ஆளுநர். உத்தியோகத்தர் அரசோடு சேர்ந்தே வாக்களிக்க வேண்டும். எண்ணிக்கையிலேயே முடிவு தெரிந்துவிடும். அதனால்தான் 1864-இல் இராணுவச் செலவு விஷயத்தில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் ஒட்டுமொத்தமாகப் பதவி துறந்தார்கள். வாக்கால் முடியாததை வெளிநடப்பால் சொன்னார்கள்.

1931-இல் வந்த அரசாங்க சபை முற்றிலும் வேறு மாதிரி. தெரிவானவர்கள் 50, நியமனம் 8, அரசு அதிகாரிகள் 3. உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும், அவரே அமைச்சர். எதிர்க்கட்சி வரிசை என்று ஒன்று அங்கே கிடையாது. ஆகவே சென்னைக் குறிப்பைப் படிக்கிற கண்ணோடு கொழும்புக் குறிப்பைப் படித்தால் ஆளுங்கட்சி எது என்று தேடியே ஓய்ந்துபோவீர்கள்.

மத்தியச் சட்டசபையில் ஓர் ஒத்திவைப்புத் தீர்மானத்தின் விவாதம் பாதியில் அறுந்து நிற்கிறது. முடிவும் இல்லை, வாக்கெண்ணிக்கையும் இல்லை. என் பிரதியில் பக்கம் தொலைந்துவிட்டதா? – வாசகர், புதுச்சேரி

பக்கம் தொலைந்திருக்க வாய்ப்புக் குறைவு. அவசரமான, திட்டவட்டமான பொது விஷயம் ஒன்றுக்காக அவையை ஒத்திவைக்கக் கோரும் பிரேரணை அது. கேள்வி நேரம் முடிந்ததும் அனுமதி கேட்பார்கள். யாராவது ஆட்சேபித்தால் 25 உறுப்பினர் எழுந்து நின்று ஆதரிக்க வேண்டும். மாலை 4 மணிக்கு விவாதம் தொடங்கும், ஒருவருக்கு 15 நிமிடம். 6 மணிக்குள் வாக்கெடுப்புக்கு வராவிட்டால் விவாதம் தானாக முடிந்துவிடும், அதன்பிறகு எதையும் வாக்குக்கு விட முடியாது. தோற்றுவிடுவோமோ என்று பயந்த தரப்பு பேச்சாளரை மாற்றி மாற்றி எழுப்பி 6 மணி வரை இழுத்துவிடும். உங்கள் பிரதியில் கடைசியாகப் பேசியவர் யார், எந்தத் தரப்பு என்று பாருங்கள். அவர் அரசுத் தரப்பாக இருந்து, வாக்கியம் முடியுமுன்பே அவை கலைந்ததாக இருந்தால், அன்று மாலை நடந்தது அதுதான்.